கறுப்புத் தார்ப்பாயில் உப்பு எழுத்து

"டீச்சருங்களை ஒரு மணி நேரம் உப்பளத்துக்கு அனுப்புங்க சார்."

டீக் கிளாஸை வாய் வரைக்கும் கொண்டுபோன பயிற்சிப் பொறுப்பாளர் ராஜவேல், குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

பூங்குழலி ஒன்றியத்துச் சிறப்பாசிரியராக வேலையில் சேர்ந்த அன்றே அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சார்ட் கேள், ஸ்கெட்ச் பேனா கேள், புரொஜக்டர் கேள், கேட்டது கிடைக்காவிட்டாலும் கேள். ஆனால் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களைக் கூடத்தை விட்டு வெளியே அழைத்துப்போக மட்டும் ஒருநாளும் கேட்காதே. மணிக்கு ஒரு படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். அந்தப் படத்தில் பேனர் தெரிய வேண்டும். பேனர் தெரியாத பயிற்சி நடக்காத பயிற்சி.

"ஏம்மா, ஒனக்கு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க சார். அதனாலதான் நாலு நாளு கேக்காம இருந்தேன்."

அந்த நாலு நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று இருபத்தெட்டு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. திரையில் 'கற்றல் சூழலை மாற்றியமைத்தல்' என்று வந்தது. இருபத்தெட்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எதை எங்கே மாற்றுவது என்று யாரும் கேட்கவில்லை, சொல்லவேண்டியவரும் சொல்லவில்லை. அடுத்த படம் வந்துவிட்டது.

இன்றைக்கு சனிக்கிழமை, கடைசி நாள். மாலை ஆறு மணிக்குள் எல்லா ஒன்றியத்துப் பட்டியலும் விழுப்புரம் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். எந்தக் குழந்தை வகுப்புக்கு வரும், எந்தக் குழந்தைக்கு வீட்டிலேயே பாடம் என்கிற பட்டியல். அதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

கீதாஞ்சலி, ஒன்றாம் வகுப்பு. அறிவுசார் குறைபாடு. வீட்டுவழிக் கல்வி.

கீதாஞ்சலி பூங்குழலியின் அண்ணன் மகள்.

வீட்டுவழிக் கல்வி என்றால் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது இரண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போவார்கள். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பிள்ளை உப்பளத்துக் கொட்டகையில் அம்மாவுக்காகக் காத்துக் கிடக்கும்.

அந்த வரி பொய் என்பது செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. புதுச்சேரி கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையின் மூளைக்கு ஒன்றும் இல்லை, விழித்திரையில் பிறவியிலேயே குறை என்றார். வெளிச்சம் ஏற ஏறப் பார்வை மங்கிவிடும். நிழலில் தெரியும். கருப்புக் கண்ணாடி செய்து வர பத்து நாள் ஆகும்.

ஆறு வருஷமாக யாருக்கும் இது தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. உப்பளத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்கள். அண்ணன் சிலம்பரசன் சுருக்குவான், அண்ணி மேரிசெல்வி சுருக்குவாள், மேஸ்திரி சுருக்குவார். கல்யாண போட்டோவில்கூட மொத்தக் குடும்பமும் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கும். குழந்தையும் இடுக்கியபோது, அப்படியே அப்பன் ஜாடை என்று கொஞ்சினார்கள். சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்கிய அத்தையும் சேர்ந்துதான் கொஞ்சினாள். அதை நினைக்கும்போதெல்லாம் பூங்குழலிக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் சீட்டோடு புதன்கிழமையே ராஜவேலிடம் போனாள். சீட்டு போதாது, வகுப்பாசிரியர் 'என் வகுப்பில் வைத்துக் கற்பிக்க இயலும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வரியை மாற்ற முடியும் என்றார் அவர். வகுப்பாசிரியர் சரஸ்வதி டீச்சரும் இதே பயிற்சியில் இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பூங்குழலி கேட்டபோது டீச்சர் சிடுசிடுக்கவில்லை, நிஜமாகவே பயந்தார்.

"முப்பத்தி ரெண்டு பிள்ளைங்கம்மா. கண்ணு தெரியாத புள்ளைக்கு நான் இன்னா பண்ணுவேன்? எனக்குத் தெரியாததைத் தெரியும்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அந்தக் கேள்வியில் நேர்மை இருந்தது. அதனால்தான் பூங்குழலியின் கோபம் டீச்சர்மேல் போகாமல் பேனர்மேல் போயிற்று.

"பன்னெண்டரைலேருந்து ஒன்றரை வரைக்கும் சாப்பாட்டு நேரம் சார்," என்றாள் இப்போது. "அது அவங்க நேரம். வர்றவங்க வரட்டும்."

ராஜவேல் ஆறிப்போன டீயைப் பார்த்தார். "நான் இத கேக்கவே இல்ல," என்றார்.

சரி என்று அதற்கு அர்த்தம் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. பூங்குழலிக்கு அது போதும்.

*

அன்று விடியுமுன் வீட்டில் நடந்தது வேறு கதை.

சிலம்பரசன் லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்பா போன பிறகு பத்தாவதோடு படிப்பை விட்டு உப்பு மூட்டை தூக்கியவன். தங்கச்சியை திண்டிவனத்தில் காலேஜ் சேர்த்தவன் அவன்தான். அந்த உரிமையில்தான் பேசினான். எம் பொண்ணப் பத்தி அங்க ஒரு வார்த்தை வரக்கூடாது என்றான். போன வருஷம் மூணு சக்கர வண்டி தருகிறோம் என்று ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி, கூட்டத்துக்கு முன்னால் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் அப்பன் கீழே தலை குனிந்து நின்றதை சிலம்பரசன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

"எம் புள்ளைய நாலு பேரு 'அய்யோ பாவம்'னு பாக்கறதுக்குப் பதிலா, நான் கண்காணாத ஊர்ல ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்ருவேன். திருச்சியில எடம் இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க. நீ ஏதாவது ஆரம்பிச்ச, திங்கக்கிழமை டி.சி. வாங்கிடுவேன். சொல்லிட்டேன்."

குழந்தையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், பெயரைக்கூட எடுக்க மாட்டேன் என்று பூங்குழலி சத்தியம் பண்ணினாள். மேடை விஷயத்தில் அண்ணன் சொன்னது நியாயம். ஆனால் ஹாஸ்டல் என்ற சொல் வந்ததும் மேரிசெல்வி தோசைக்கல்லின் முன்னால் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாளே, அதையும் அவள் பார்த்தாள். தோசை கருகியது. அண்ணி அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

*

பதினோரு பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை. சரஸ்வதி டீச்சரும் குடையை விரித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

ரோட்டைத் தாண்டினால் மரக்காணம் உப்பளம். பாத்திகள் கண்ணுக்கு எட்டினவரை வெள்ளை. சாதாரண நாளில் பத்து மணிக்கெல்லாம் ஆட்கள் கரையேறிவிடுவார்கள். சாயங்காலம் மழை வரும் என்ற பேச்சால் வாரி வைத்த உப்பை அம்பாரத்தில் சேர்த்து ஓலை மூடிவிட வேண்டும் என்று மேஸ்திரி இன்னும் விரட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பூங்குழலி காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து இங்கே கால் வைத்ததில்லை. பட்டம் வாங்கினவள் காலில் உப்புத்தண்ணி படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே வைத்துக்கொண்ட கௌரவம் அது.

எழுதிய கரும்பலகை ஒன்றை அவள் முன்னமே மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பி, முப்பதடி தள்ளிச் சாய்த்து வைக்கச் சொல்லியிருந்தாள். பதினோரு பேரையும் வரப்பில் நிறுத்தி, குடையை மடக்கச் சொன்னாள்.

"போர்டுல ரெண்டு வரி எழுதியிருக்கேன். படிங்க."

மேலே வெயில், கீழே உப்பு, இரண்டுக்கும் நடுவே பலகை ஒரு இருட்டுக் கட்டமாக மிதந்தது. ஒருவர் கையைப் புருவத்தில் வைத்தார். ஒருவர் கண்ணைத் துடைத்தார். இன்னொருவர் இதென்ன விளையாட்டு என்று முணுமுணுத்தார். யாராலும் படிக்க முடியவில்லை.

"எழுத்து தெரியலயா டீச்சர்? ஒண்ணாங் கிளாஸ் எழுத்துதான். தெரியலன்னா அறிவுசார் குறைபாடுன்னு எழுதிக்கட்டுமா?"

சிரித்தவர்கள் சிலர். சரஸ்வதி டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணீர் வழியக் கண்ணை இறுக மூடி நின்றிருந்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"வழி."

உப்பளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரப்பு ஒரு ஆள் அகலம்தான். தலையில் கூடை உள்ளவள் நிற்க மாட்டாள், ஒதுங்க மாட்டாள். வெறுங்கையோடு எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும், முதலாளியே ஆனாலும், பாத்தியில் இறங்கி வழி விட வேண்டும். நின்றால் சுமை கழுத்தில் இறங்கிவிடும்.

டீச்சர்களுக்கு இது எங்கே தெரியும்? வந்தது மேரிசெல்வி. வியர்வையும் உப்பும் கலந்து அவள் கழுத்தில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. "வழிங்க டீச்சர், எறங்கிக்குங்க," என்றாள் மறுபடியும். பத்துப் பேர் புடவையைத் தூக்கிக்கொண்டு சளப் சளப்பென்று உப்புத்தண்ணியில் இறங்கினார்கள். கண்ணை மூடியிருந்த சரஸ்வதி டீச்சர் இறங்கும்போது வழுக்கினார்.

மேரிசெல்வி நிற்கவில்லை. கழுத்தைத் திருப்பவும் இல்லை. போகிற போக்கில் ஒரு கையை மட்டும் நீட்டினாள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து கிலோ தலையில் இருக்க, ஒரு முழு ஆளைக் கையில் இழுத்துக்கொண்டு அவள் அதே நடையில் நடந்தாள்.

"எதிர்ல பாக்காதீங்க டீச்சர். எங்காலடியில நெழலு விழுதுல்ல, அதையே பாத்துனு வாங்க. எம் பொண்ணு அப்படித்தான் வருவா."

கூடையைக் கொட்டியதும், காலைக் கழுவிக்கொள்ளக் கொட்டகையில் குடத்தில் நல்ல தண்ணி இருக்கிறது என்று கை காட்டினாள்.

கொட்டகையில் குழந்தை இருக்கிறாள். அண்ணனுக்குக் கொடுத்த சத்தியம் இருக்கிறது. பூங்குழலி ஓடினாள். அவள் போவதற்குள் டீச்சர் ஓலைத் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

வெள்ளையிலிருந்து நேராக இருட்டு. டீச்சர் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவியபடி நின்றார். பின்னால் நின்ற பூங்குழலிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு?" என்றது ஒரு சின்னக் குரல்.

"நான்தாம்மா. சரஸ்வதி டீச்சர்."

"டீச்சரா? அங்கயே நில்லுங்க டீச்சர். இன்னும் ரெண்டு அடி வந்தா கொடம்." பிஞ்சுக் கை ஒன்று டீச்சரின் விரலைப் பிடித்தது. "இப்படி உக்காருங்க. வெளியேருந்து வந்தா எல்லாருக்கும் இப்படித்தான். கொஞ்ச நேரத்துல தெரியும். பயப்படாதீங்க."

டீச்சர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

தரையில் கறுப்புத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாக உப்பை வைத்து எழுதிய எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் பெரிசு. அ, ஆ, இ, ஈ. வரிசை தார்ப்பாயின் ஓரம் வரை போய் மடங்கித் திரும்பியிருந்தது. க, ங, ச. கடைசியாக ஒரு சொல் பாதியில் நின்றது. 'டீச்'.

"'ச்'சுக்குப் பக்கத்துல இன்னொரு எழுத்து வரும். அம்மா கூடை எறக்கிட்டு வந்து சொல்லும்," என்றாள் கீதாஞ்சலி. கண் நன்றாக, முழுசாகத் திறந்திருந்தது. பூங்குழலி அந்தக் கண்ணை இத்தனை அகலமாகப் பகலில் பார்த்ததில்லை.

மேரிசெல்வி சும்மாட்டை உதறிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இது நீ சொல்லிக்குடுத்ததா அண்ணி?"

"நான் எட்டாவதுதான். எனக்குத் தெரிஞ்சதை வெச்சேன்." பெருமை இல்லாமல், கூடை எண்ணிக்கை சொல்வதுபோல் சொன்னாள். "வெளிய தல குனிஞ்சுனே இருக்கா, கொட்டாயில வுட்டா நல்லா வெளையாடறா. சரி, இவளுக்கு இருட்டுதான் ஆவுதுன்னு பாத்தேன். சிலேட்டு சின்னதா இருக்கு, இவளுக்குப் புடிபடல. தார்ப்பாய் இருந்துச்சு. உப்புக்கு இங்க இன்னா பஞ்சம்?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

சுள்ளென்று இருந்தது பூங்குழலிக்கு. இரண்டு வருஷம் படித்து, தடிதடியாய்ப் புத்தகம் புரட்டி, கடைசியில் நாலு நாள் திரையில் பார்த்தும் பிடிபடாத 'கற்றல் சூழல்' இங்கே ஒரு தார்ப்பாயில் கிடந்தது. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், சீட்டு வருவதற்கு முன்னால், காலை மூன்று மணிக்கு உப்பு வார எழுந்திருக்கிற ஒருத்தி இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஒரு வீட்டில் ஒரே பானையில் சோறு தின்கிற நாத்தனாருக்குத் தெரியவில்லை.

சரஸ்வதி டீச்சர் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சேன். நல்ல வெளிச்சம் வரட்டும், புள்ள பாவம், நல்லாப் படிக்கட்டும்னு நான்தான் எடம் மாத்தி வெச்சேன். அந்த ஜன்னலுக்கு நேரா உப்பளம்."

டீச்சர் அழப்போகிறார் என்று பூங்குழலி நினைத்தாள். டீச்சர் அழவில்லை. கைப்பையைத் திறந்து, நாலு நாளாகப் படம் பார்த்து எழுதிய நோட்டை எடுத்தார். புதுப் பக்கம் திருப்பி, மேரிசெல்வியைப் பார்த்தார்.

"சொல்லும்மா. ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காரணுமா, இல்ல ஜன்னலையே மூடிடலாமா? போர்டு எவ்ளோ தூரத்துல இருந்தா இவளுக்கு ஆவும்? எழுத்து எத்தன பெரிசு?"

மேரிசெல்வி முதலில் கூச்சப்பட்டாள். பிறகு கையால் ஒரு சாண் அளந்து காட்டினாள். பாக்கிப் பத்துப் பேரும் எப்போது தட்டி ஓரத்தில் வந்து குந்தினார்கள் என்று தெரியவில்லை. காலில் உப்புத்தண்ணி சொட்டச் சொட்ட எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் 'அய்யோ பாவம்' சொல்லவில்லை. ஒருவர், எங்கள் பள்ளியில் ஒரு பையன் ஓயாமல் காதைப் பொத்திக்கொள்கிறான், அவனை நான் தகரக் கூரைக்குக் கீழே உட்காரவைத்திருக்கிறேன் என்றார் தனக்குத்தானே.

அந்தப் பதினோரு பேர்மேல் பூங்குழலிக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. சொல்லித்தர ஆள் இருந்தால் கற்றுக்கொள்கிறவர்கள்தான் இவர்கள். தார்ப்பாய்க்குப் பதில் இத்தனை நாள் பேனரைக் காட்டிவிட்டார்கள்.

*

கூடத்துக்குத் திரும்பும்போது மணி இரண்டேகால். மதியப் படத்தில் பதினோரு நாற்காலி காலி.

சரஸ்வதி டீச்சர் நேராக ராஜவேல் மேஜைக்குப் போய் மூன்றாம் பக்கத்தை வாங்கினார். தான் பயிற்சியின் முதல் நாள் எழுதிக்கொடுத்த வரியின்மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'பார்வைக் குறைபாடு. என் வகுப்பிலேயே கற்பேன், கற்பிப்பேன்.' கையெழுத்துப் போட்டார்.

"கற்பேன்னெல்லாம் எழுதக்கூடாது டீச்சர், ஃபார்மட்ல இல்ல," என்றார் ராஜவேல்.

"நெசம் அதான் சார். இருக்கட்டும்."

அவர் போனபிறகு ராஜவேல் பூங்குழலியின் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மேலே இருந்து போன் வந்துவிட்டது. பயிற்சியைக் குலைத்ததற்கு விளக்கம் எழுதித் தர வேண்டும், மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இருக்க வேண்டும், இனிமேல் செய்ய மாட்டேன் என்று இருக்க வேண்டும். எழுதினால் திருத்திய பக்கத்தைப் பட்டியலோடு அவரே அனுப்புவார். எழுதாவிட்டால் பழைய பக்கத்தின் நகல்தான் போகும். அடுத்த மாதம் அவள் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது.

"ஒரு வார்த்தைதாம்மா. எழுதிட்டுப் போ. ஒன் அண்ணன் பொண்ணுக்காகவாவது."

போன் அதிர்ந்தது. சிலம்பரசன் ஏழு தடவை கூப்பிட்டிருந்தான். கடைசியாக ஒரு செய்தி: 'பதினொரு டீச்சரும் கொட்டாய்க்குள்ள போனாங்களாமே. வெளிய வா. வாசல்ல நிக்கறேன்.'

பூங்குழலி பேனாவைத் திறந்தாள். மன்னிப்பு எதற்கு? மேரிசெல்வி முன்னால் பதினோரு பேர் குந்தி உட்கார்ந்து எழுதினதற்கா? அதை இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதினால், காதைப் பொத்திக்கொள்கிற பையன் தகரக் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும் என்று எழுதினமாதிரி.

இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

'இன்று பதினொரு ஆசிரியர்கள் வந்தார்கள். மீதியுள்ள பதினேழு பேரை அடுத்த சனிக்கிழமை அழைத்துச் செல்வேன்.'

பிறகு சரஸ்வதி டீச்சர் கையெழுத்திட்ட மூன்றாம் பக்கத்தை எடுத்து டாக்டர் சீட்டோடு சேர்த்து மடித்தாள்.

ராஜவேல் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு அவசரமாக எழுந்து வந்து வாசலில் நின்றுகொண்டார். "எங்கம்மா போற? அது ஆபீஸ் பேப்பர்."

"விழுப்புரத்துக்கு சார். ஆறு மணி வரைக்கும் தொறந்திருக்கும்ல. நானே குடுத்துடறேன்."

"ரினிவல் வராதும்மா."

"தெரியும் சார்."

அவர் நகரவில்லை. பூங்குழலி காகிதத்தைக் கையில் பிடித்தபடி நேராக நடந்து வந்தாள். வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"வழி," என்றாள்.

ராஜவேலும் மரக்காணத்துக்காரர்தான். அவருடைய அம்மாவும் கூடை சுமந்தவள்தான். அந்த ஒரு சொல்லுக்கு அவர் கால் தானாக ஒதுங்கியது.

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. கேட்டருகே சிலம்பரசன் பைக் இன்ஜினை ஓடவிட்டு நின்றபடி, கண்ணை இடுக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டி.சி. கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய விண்ணப்பம் ஒன்று அவன் சட்டைப் பையில் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது.

பூங்குழலி நடையை நிறுத்தவில்லை.